பன்னிரண்டு வயது டெஸ்க்டாப்

என் கணினிக்குத் தகுதி போதவில்லை என்ற செய்தி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. திரையின் நடுவில் நீலப் பட்டையோடு ஓர் அறிவிப்பு. நான் பயன்படுத்தும் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வராதாம். புதிய பதிப்பை ஏற்றிக்கொள்ளலாமாம். ஆனால் இந்தக் கணினி அதற்குத் தேவையான குறைந்தபட்சத் தகுதிகளைப் பூர்த்தி செய்யவில்லையாம். என் கணினி பிரெஞ்சில் பேசுவது. அதனால் இவ்வளவையும் ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருந்தது. தொழில் புத்தியில் அதை மனசுக்குள்ளேயே தமிழாக்கிப் பார்த்தேன். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் தரகரிடம் சொல்லி அனுப்பும் பதில் மாதிரி இருந்தது.

நான் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, இறப்புப் பதிவு, பென்ஷன் கடிதம். புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களில் யாருக்கு என்ன நடந்தாலும் அந்தக் காகிதம் இரண்டு மொழியில் தேவைப்படும். அவர்கள் ரெட்டியார்பாளையத்துக்கு வந்து, எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நான் மேஜை போட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து பழுப்பேறிய தாள்களை எடுத்து நீட்டுவார்கள். அந்த மேஜையில்தான் பன்னிரண்டு வருஷமாக அந்த டெஸ்க்டாப் இருந்தது.

அது மெதுவாகிவிட்டது என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு வாசல் பெருக்கப் போவேன். திரும்பி வரும்போது வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தால் மேஜைப் படம் தெரியும், ஆனால் சுட்டி நகராது. காபி முடியும்போது நகரும். எனக்கு அதில் பெரிய குறை இல்லை. அவசரமாகப் பிறந்த சான்றிதழ் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் உண்மையான கவலை விசைப்பலகையைப் பற்றியது. என் சித்தி பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது பட்டுச்சேலைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தது. பிரெஞ்சு எழுத்து வரிசை. ஊரில் மற்ற பலகைகளில் கியூ இருக்கும் இடத்தில் இதில் ஏ இருக்கும். எம் வேறொரு மூலையில் இருக்கும். தலையில் கோடு வைத்த எழுத்தெல்லாம் ஒரே தட்டில் விழும். என் விரல்கள் அதற்குப் பழகிப்போய், வங்கியிலோ வேறு இடத்திலோ 'அம்மா' என்று ஆங்கில எழுத்தில் அடிக்கப் போனால் கியூவும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். அந்தப் பலகையின் வால் நுனியில் யுஎஸ்பி கிடையாது. ஊதா நிறத்தில் ஒரு வட்ட முள். இப்போது வரும் கணினிகளில் அந்த வட்டத் துளை இருக்காது என்று யாரோ சொல்லிக் கேட்டதிலிருந்து, கணினி போனால் போகட்டும், அந்தத் துளை போய்விடக் கூடாதே என்றுதான் இருந்தது எனக்கு.

சாயங்காலம் என் கணவர் வந்ததும் அறிவிப்பைக் காட்டினேன். அவர் எங்கள் ஊர் மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பார்ப்பவர். திருகாணி உள்ள எந்தப் பொருளும் சாகாது என்பது அவர் கட்சி. எங்கள் மிக்சிக்கு மூன்றாவது மோட்டார் ஓடுகிறது. மின்விசிறி ஒன்றில் பழையது என்று சொல்ல இறக்கைகள் மட்டும்தான் மிச்சம்.

"தகுதி இல்லன்னு யாரு சொல்றது? அவன் சொன்னா ஆச்சா?" என்றார். "ரெண்டு பார்ட்ட மாத்துனா ஓடப் போவுது."

"எந்த ரெண்டு பார்ட்டு?"

"அது திறந்து பாத்தாதான் தெரியும்."

சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். ஸ்கூட்டரில் முன்னால் அவர், நடுவில் கணினி, பின்னால் நான். காந்தி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடை. நடத்துவது முப்பது வயதுப் பெண் ஒருத்தி. கூந்தலை ஒரு பென்சிலால் கொண்டை குத்தியிருந்தாள். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து சாம்பல் நிறத்தில் தூசி ஒரு கைக்குட்டை மாதிரி மடங்கி விழுந்தது. அவள் அதை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

"ஹார்ட் டிஸ்க்க எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி போட்டு, ராம் கொஞ்சம் ஏத்துனா பறக்கும் மேடம்," என்றாள்.

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் சொன்ன ரெண்டு பார்ட்டு.

"ஆனா புதுப் பதிப்பு ஏறாது. அதுக்கு மதர்போர்டு மாத்தணும். போர்டு மாத்துனா பிராசசர் மாத்தணும். அத மாத்துனா இந்த ராம் அதுல சேராது, அதுவும் புதுசுதான். பவர் சப்ளையும் பழசு, நானா இருந்தா அதையும் மாத்துவேன்."

"அப்ப எதத்தான் வெச்சுக்கறது?" என்று கேட்டார் அவர்.

"பெட்டி நல்ல பெட்டி சார். இப்பல்லாம் இவ்ளோ கனமா தகடு வரதில்ல."

இதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். நான் மட்டும் பென்சில் கொண்டைக்காரியிடம், "பதிப்பு ஏறலன்னா என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"ஓடும். ஆனா ஓட்டை அடைக்க ஆள் இருக்காது. நெட்டுல கனெக்ட் பண்ணி வெச்சிருக்கீங்க, ஜனங்களோட பாஸ்போர்ட்டு, பர்த் சர்டிபிகேட்டு எல்லாம் இதுலதான் இருக்குதுன்றீங்க. வீட்டுக் கணக்கா இருந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிக்கொண்டே அவள் சின்ன டார்ச்சை எடுத்து உள்ளே அடித்தாள். பிறகு முகத்தை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

"சார், இந்த போர்டு புதுசா வாங்குனதா?"

"பின்ன? புதுசாத்தான் அசெம்பிள் பண்ணது."

"இல்ல, இங்க பாருங்க." மின்சாரத்தைத் தாங்கிச் சீராகக் கொடுக்கும் குட்டி உருளைகள் வரிசையாக நின்றன. கேப்பாசிட்டர் என்பார்கள். "இதுல ஆறு மட்டும் கலர் வேற. யாரோ பழச எடுத்துட்டுக் கையால சால்டர் வெச்சிருக்காங்க. ரிப்பேர் பண்ண போர்டு. ஆனா நல்ல கை."

என் கணவர் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் இருக்காதும்மா. செஞ்சு கொடுத்தது என் ஃப்ரெண்டு," என்றார்.

அவள் வாதம் செய்யவில்லை. கணினியை ஓட்டி அடிப்படை அமைப்புகளுக்குள் போய்ப் பார்க்க முயன்றாள். ஒரு நீலத் திரை வந்து கடவுச்சொல் கேட்டது. எங்களைப் பார்த்தாள். எங்களுக்குத் தெரியாது. அப்படி ஒரு பூட்டு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"பிரச்சனை இல்ல, போர்டுல இருக்கிற குட்டி பேட்டரியக் கழட்டி மாட்டுனா பூட்டு போயிடும்," என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

"வேணாம்மா," என்றார் அவர். "போட்டவனையே கேட்டுக்கறேன்."

அப்படியே மூடி, மறுபடியும் எங்களுக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

அந்த நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருவரும் ஐடிஐயில் ஒரே பெஞ்சு. நண்பர் வம்பாக்கீரப்பாளையத்து மீனவக் குடும்பம். கடலுக்குப் போகாமல் கணினி படித்து, முத்தியால்பேட்டையில் ஒரு சின்னக் கடை வைத்து, அசெம்பிள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் மாறியதும் கடையை மூடிவிட்டு நோணாங்குப்பம் படகுத்துறையில் படகு ஓட்டப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. வரும்போது மீன் வாங்கி வருவார், சுத்தம் செய்தும் கொடுப்பார். நான்கு வருஷத்துக்கு முன்னால் வருவது குறைந்தது, பிறகு நின்றே போனது. கேட்டால் சீசன் என்பார், உடம்பு சரியில்லை என்பார். கொஞ்ச காலமாக போனை எடுப்பதும் இல்லை. என் கணவர் இதைப் பற்றிப் பேசமாட்டார். அவர் பேசாத விஷயங்களின் பட்டியலில் அதுதான் முதலில் இருந்தது.

அன்றைக்கும் போன் அடித்துப் பார்த்தார். எடுக்கவில்லை.

"நாளைக்கு நேர்லயே போறேன். நீயும் வா," என்றார். கூட ஆள் இருந்தால் சண்டை வராது என்று நினைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பத்துக்குப் போவது புத்தியுள்ளவர்கள் செய்யும் காரியம் இல்லை. முருங்கப்பாக்கத்திலிருந்தே வெளியூர் வண்டிகள். படகுத்துறையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்ட கூட்டம். நண்பர் படகை ஒட்டி நின்று ஏறுகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் கை ஒரு நொடி அந்தரத்தில் நின்றது. ஏறிக்கொண்டிருந்த அம்மா தடுமாறினார்.

"இன்னாடா, இங்க?" என்றார்.

"ஒன்னப் பாக்கத்தான்."

"நாலு மணி வரைக்கும் டிரிப்பு இருக்குதுடா." என்னைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "நல்லாகீறியா தங்கச்சி? ஒண்ணு பண்ணுங்க, டிக்கெட் எடுத்துக்கினு வந்து ஏறிடுங்க. ஓட்டிக்கினே பேசலாம்."

இப்படித்தான், கணினியின் கடவுச்சொல் கேட்கப் போன நான், இருபத்தைந்து வருஷமாகப் புதுச்சேரியில் குடும்பம் நடத்தியும் போயிராத படகுச் சவாரிக்கு, பெங்களூர்க் கல்லூரிப் பிள்ளைகள் நடுவில் ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நண்பர் பின்னால் இயந்திரத்தின் பக்கத்தில். அவர் காலடியில் நாங்கள் இருவர். கழிமுகத் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. இயந்திரச் சத்தத்தில் எல்லாவற்றையும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எங்க வூட்டு கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்டு போட்டு வெச்சியே, அது என்னடா?"

"எது?"

"பாஸ்வேர்டு."

நண்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வஞ்சரம்," என்றார்.

பக்கத்திலிருந்த பிள்ளைகள் மீன் ஏதோ தெரிகிறது என்று தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள்.

"இங்கிலீஷ்ல, எல்லாம் சின்ன எழுத்து. கஸ்டமருங்க தெரியாம உள்ள போய்க் குட்டிச்சுவர் பண்ணிடுவாங்கன்னு எல்லாத்துக்கும் பூட்டு போடுவேன். மறந்துடக் கூடாதுன்னு மீன் பேரு. பல் டாக்டருக்கு சுறா. டியூஷன் சென்டருக்கு நெத்திலி, அங்க பத்து மிஷினு இருந்துச்சி. ஒங்களுக்கு மரியாதையா வஞ்சரம்."

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். என் கணவர், கடைக்காரப் பெண் சொன்ன அபத்தத்தையும் சேர்த்துச் சொல்லி இன்னும் கொஞ்சம் சிரிக்க நினைத்தார். "அந்தப் பொண்ணு சொல்லுதுடா, ஒன் போர்டு ரிப்பேர் போர்டாம். ஆறு கேப்பாசிட்டர் மாத்திருக்காம்."

நண்பர் கரையைப் பார்த்துப் படகைத் திருப்பினார். மணல் தீவு வந்துவிட்டது. எல்லோரும் இறங்கினார்கள். படகு காலியானதும் இயந்திரத்தை நிறுத்தினார். சத்தம் நின்றதும் கடல் அலை கேட்டது.

"அந்தப் பொண்ணு சொன்னது நெசந்தான்டா," என்றார்.

 நண்பர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"புது போர்டு வாங்கித்தான் மாட்டுனேன் தங்கச்சி. கடைசியா ஓட்டிப் பாக்கறப்போ, போர்டு தகட்டத் தொடாம இருக்க அடியில வெக்கற பித்தளைக் கட்டையில ஒண்ண வெக்காம தகட்டு மேல படியற மாதிரி முடுக்கிட்டேன். ஷார்ட்டாகி ஒரே நிமிஷத்துல போச்சு. என் தப்புதான். மறுநாள் உனக்கு மொத வேல, கோர்ட்டுக் காகிதம். மிஷின் இல்லன்னா அந்த வேல வேற ஆளுக்குப் போயிடும்னு இவன் சொல்லிக்கினே இருந்தான். நான் சரி பண்ணி வெச்சிருந்த பழைய போர்டு ஒண்ணு கடையில கெடந்துச்சி. அத மாட்டிக் கொடுத்துட்டேன். ஒரு மாசத்துல மாத்திடலாம்னுதான்."

"மாத்தலையே," என்றேன்.

"அது நல்லா ஓடுச்சி. ஓடறத எதுக்குக் கழட்டறதுன்னு விட்டேன். அப்புறம் கடையே போச்சு, நின்னா மாத்திக் கொடுக்க கையில ஒண்ணும் இல்ல. ஒங்க வூட்ல சோறு துன்னும்போதெல்லாம் அந்த ஃபேன் சத்தம் காதுல கேக்கும். இன்னைக்கு நின்னுடுமோ, நாளைக்கு நின்னுடுமோன்னு இருக்கும். தட்டுல இருக்கறது எறங்காது. அதான் வரதில்ல."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பன்னிரண்டு வருஷம், எத்தனை பேருடைய காகிதங்கள் அதில் இருந்தன. நடுவில் நின்றிருந்தால் அவர்களுக்கு நான் என்ன சொல்லியிருப்பேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்த பிறகு யோசித்தேன். அது நின்றதே இல்லை. என் மேஜையில் புயல் மழையில் மின்சாரம் நின்றிருக்கிறது, இணையம் நின்றிருக்கிறது, பிரிண்டர் நின்றிருக்கிறது. அந்த போர்டு ஒரு நாளும் நின்றதில்லை. அதையும் சொன்னேன்.

"அத நம்பி இன்னும் ஒண்ணும் போடாத தங்கச்சி," என்றார். "ராம், எஸ்எஸ்டி எதுவும் வேணாம். அந்த போர்டையே எடுத்துடுங்க. நான் போட்டது, நானே சொல்றேன்."

என் கணவர் திரும்பும் வழியில் அரியாங்குப்பம் பாலம் தாண்டும் வரை வண்டியை மெதுவாகவே ஓட்டினார். மரப்பாலம் சிக்னலில் நின்றபோது, முன்னால் நின்ற பேருந்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு போர்டுக்காவா நாலு வருஷம் வராம இருந்தான்."

"சொல்லப் பயந்திருப்பாரு."

"எங்கிட்டயா?"

 சிக்னல் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த காரியம்தான் எனக்கு வியப்பு. நண்பரே எடுத்துவிடச் சொன்ன பிறகு, அந்த போர்டை எடுக்கவே கூடாது என்று நின்றார். "ஆறு கேப்பாசிட்டர் மாத்தி பன்னெண்டு வருஷம் ஓட்டிருக்கான். எங்க பிளான்ட்டுல கம்பெனி இன்ஜினியர் வந்து செஞ்சதே ஆறு மாசம் தாங்கல. நீ எஸ்எஸ்டி போடு, ராம் போடு, இன்னும் பத்து வருஷம் ஓடும்." கணினியை மேஜையில் வைத்து எல்லா ஒயரையும் மாட்டி, நீலத் திரையை வரவழைத்து, வஞ்சரம் என்று ஒற்றை விரலால் அடித்தார். தவறு என்றது. மறுபடி அடித்தார். தவறு. மூன்று முறைக்குப் பிறகு கணினி பதில் சொல்வதையே நிறுத்திவிட்டது.

"வேற மீனாயிருக்குமோ," என்றார்.

நான் கொஞ்ச நேரம் பின்னால் நின்று பார்த்தேன். நண்பர் அதைப் போட்டது அவர் கடையில், சாதாரண விசைப்பலகையில். அந்த நீலத் திரைக்கு என் பிரெஞ்சுப் பலகை தெரியாது. விசை இருக்கும் இடத்தை வைத்துத்தான் எழுத்தை எடுத்துக்கொள்ளும். நாங்கள் ஏ என்று தட்டுவது அதற்கு கியூ. எம் என்று தட்டுவது அரைப்புள்ளி. "தள்ளுங்க," என்று உட்கார்ந்து, கணினியை அணைத்துத் திரும்பப் போட்டு, ஏ வரும் இடத்திலெல்லாம் கியூவைத் தட்டினேன். எம்முக்குக் காற்புள்ளியைத் தட்டினேன். பூட்டு திறந்தது. சம்பளம் வாங்காமல் நான் செய்த மொழிபெயர்ப்புகளில் அதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அவர் உள்ளே போய் வெப்பநிலை, மின்னழுத்தம் எல்லாவற்றையும் படித்தார். "பாரு, எல்லாம் சரியா காட்டுது. கச்சிதம்," என்றார். ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

அந்த சந்தோஷத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியதாகிவிட்டது. "ஏங்க, மாத்திடலாம்."

"என்ன?"

"போர்டு, பிராசசர், ராம் மூணையும். பவர் சப்ளையும். பெட்டி இருக்கட்டும், திரை இருக்கட்டும். ஓடுமா ஓடாதான்றது இல்ல. ஜனங்க பாஸ்போர்ட்ட எங்கிட்ட விட்டுட்டுப் போறாங்க. ஓட்டை அடைக்க ஆளில்லாத மிஷின்ல அத வெக்கறது எனக்குச் சரியா படல."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்தக் கணினியைப் பற்றி ஒரு முடிவு சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வாங்கும்போது என்ன வேண்டும் என்று அவர்கள் இருவரும்தான் பேசிக்கொண்டார்கள். நான் மேஜையின் உயரத்தை மட்டும் சொன்னேன்.

"சரி. ஒன் வேல, ஒன் மிஷினு," என்றார் கடைசியில். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா மாட்டறது அவன்தான் மாட்டணும்," என்றார்.

இந்த முறை நண்பர் போனை எடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காற்று பலமாக அடித்து, படகுகளை நிறுத்தியிருந்தார்கள். என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டார். நண்பர் காலையிலேயே கடைக்குப் போய், பென்சில் கொண்டைக்காரியோடு உட்கார்ந்து பொறுக்கி வாங்கி வந்தார். பெட்டிகளை மேஜையில் வைத்ததும் முதலில் புது போர்டின் பின்பக்கத்தை என்னிடம் திருப்பிக் காட்டினார். நீல நிறச் செவ்வகத் துளைகளுக்கு மேலே, பாதி ஊதா பாதி பச்சையாக ஒரு வட்டத் துளை.

"இது இருக்கற போர்டா கொடுன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு ரெண்டு நிமிஷம் என்னையே பாத்துச்சி. இதையெல்லாம் யாரு கேக்கறான்ற மாதிரி. அப்புறம் அதுவே தேடிக் கொடுத்துச்சி. வேல நல்லா தெரிஞ்ச பொண்ணுடா."

சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து வேலை நடந்தது. நண்பருக்கு இப்போது மூக்குக் கண்ணாடி. கயிறு இழுத்து இழுத்து விரல்கள் தடித்துப் போயிருந்தன. சின்னத் திருகாணிகள் அவர் கைக்கு அடங்கவில்லை. இரண்டு கீழே விழுந்து, என் கணவர் முழங்காலில் தவழ்ந்து தேடினார். போர்டுக்கு அடியில் வைக்கும் பித்தளைக் கட்டைகளை நண்பர் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். முடித்துவிட்டு மறுபடி எண்ணினார். "எண்ணிட்டல்ல?" என்றார் என் கணவர். "எண்ணிட்டேன்." மூன்றாவது தடவையும் எண்ணினார்.

எல்லாம் மாட்டி பொத்தானை அழுத்தியபோது விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது.

நண்பர் முகத்தை அப்போது பார்க்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டார். நானும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம். அரை நிமிஷம் இருக்கும். என் கணவர் டார்ச்சை உள்ளே அடித்து, ஓரமாகத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நான்கு முனை ஒயரைத் தொட்டுக் காட்டினார். பிராசசருக்குப் போகும் மின்சாரம். மாட்ட மறந்தது.

"டார்ச்ச நீ சரியா புடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றார் நண்பர்.

"நீ சொன்ன எடத்துலதான் புடிச்சேன்."

மாட்டி அழுத்தினார்கள். திரை வந்தது. இரண்டு பேரும் யார் தப்பு என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். மதியம் சாப்பிடும்வரை அது முடியவில்லை. அன்றைக்கு மீன் நான்தான் வாங்கியிருந்தேன். நண்பர் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிற்பகல் புதுப் பதிப்பு ஏறியதும் என்னை உட்காரச் சொன்னார்கள். விசைப்பலகையின் வட்ட முள்ளைச் செருகி, மொழியை பிரெஞ்சுக்கு மாற்றினேன். அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டிய திருமணப் பதிவு ஒன்று பாதியில் இருந்தது. பழைய டிஸ்கிலிருந்து நண்பர் நகலெடுத்து வைத்திருந்தார். திறந்தேன், திறந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் திறந்ததில் எங்கே விட்டேன் என்பதே எனக்கு நினைவுக்கு வர நேரம் பிடித்தது.

ஐந்தரைக்கு அந்தக் காகிதத்துக்கு உரியவர் வந்தார். அறுபது வயதுக்காரம்மா. அவருடைய தாய் தகப்பனின் திருமணப் பதிவு அது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் கொடுத்த தமிழ்த் தாளை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"தொழில் இல்லைன்னு போட்டிருக்குதே. எங்கம்மா அப்ப மில்லுல வேலைக்குப் போய்க்கினு இருந்தாங்க."

"மூலத்துல அப்படித்தாம்மா இருக்குது. எழுதுன குமாஸ்தா கேட்டிருக்க மாட்டாரு. அதுல இருக்கறதத்தான் நான் எழுத முடியும்."

அவர் அந்த வரியை இன்னொரு தடவை விரலால் தொட்டார். "சரி, அவன் எழுதுனது அவனோட," என்று மடித்துப் பைக்குள் வைத்தார்.

சாப்பாட்டு மேஜையில் மிச்சமிருந்த திருகாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த நண்பர் தலையைத் தூக்கினார். "எந்த மில்லும்மா?" என்று கேட்டார். அந்தம்மா பெயரைச் சொன்னார். நண்பரின் அம்மா அந்த மில் வாசலில்தான் ஷிப்டு விடும் நேரத்தில் கூடை வைத்து மீன் விற்றாராம். அந்தம்மா எழுந்து போகவிருந்தவர், நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எந்த வாசல், கிழக்குப் பக்கமா, மேற்குப் பக்கமா என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். என் கணவர் நடுவில் புகுந்து, இரண்டு வாசலும் இல்லை, மூன்றாவதாக ஒன்று இருந்தது என்றார். நான் நான்கு பேருக்கும் டீ போட உள்ளே போனேன்.